புஷ்பத்தின் போர்வையை ஏன் பிரித்தேன்

இந்தத் துணிப் பழுதுபார்ப்பு அறையில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு நடைமுறைக் குறிப்பைத் திணித்திருப்பார்கள். எழுதியவள் நான். படிக்க அலுப்பாக இருக்கும்; வேண்டுமென்றே அப்படி எழுதினேன். சுவையாக எழுதினால் ரசித்துவிட்டு மறந்துபோவீர்கள். அலுப்பாக எழுதினால், படிக்காவிட்டாலும் கொஞ்சம் பயமாவது மிஞ்சும். அதில் தடித்த எழுத்தில் ஒரு விதி உண்டு: ஒரே பொருளாக வந்தது ஒரே பொருளாகத்தான் திரும்பிப் போகவேண்டும்.

அந்த விதியை இங்கே மீறிய ஒரே ஆளும் நான்தான். இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வேலைக்காலம் முழுவதிலும் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டத் தகுந்த காரியம் எதுவென்று யாராவது கேட்டால், கோயில் திரைச்சீலைகளையும் அரண்மனைப் பட்டுகளையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். எந்த நிலைமையில் மீறினேன் என்று தெரியாமல் நீங்களும் மீறக் கிளம்பிவிடக்கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அருங்காட்சியகம் ஒன்றின் துணிப் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றேன். அங்கே என் மேசைக்கு வந்த துணிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப்போனவர்கள். நல்ல வாடிக்கையாளர்கள். ஒருவரும் அவசரப்படுத்தியதில்லை, ஒருவரும் குறை சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகு மூணாறில் பெண்கள் குழு ஒன்று இந்த அறையைத் தொடங்கி என்னைக் கூப்பிட்டபோதுதான், துணிக்குச் சொந்தக்காரர்கள் உயிரோடும் இருப்பார்கள் என்பது தெரிந்தது. அவர்கள் பேசுகிறார்கள், தமிழிலும் மலையாளத்திலும், சிலசமயம் ஒரே வாக்கியத்தில். நான் வாழ்நாளில் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. ஆனாலும் இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்.

சூசையண்ணன் ஓர் உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். கூடவே மகள் ரெஜினா, நர்ஸ். ஜெர்மனியில் வேலை கிடைத்து, விசாவும் வந்து, அடுத்த மாதம் கிளம்ப இருந்தாள்.

“சாக்குல ஆட்டுக்குட்டிங்களா?” என்றேன்.

“குட்டிமாதிரிதான் இருந்துச்சு டீச்சர். இப்பம் செத்துக் கெடக்கு” என்று மேசைமேல் கொட்டினார்.

தோட்டத்துப் போர்வை. நீங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாலக்காட்டு வெயிலில் இருந்து வந்த எனக்குத்தான் அது புதிது. உள்ளே தோட்டத்தில் கொடுத்த கம்பளி. அதன் இரண்டு பக்கமும் பழைய சேலைகளை ஒட்டுச் சேர்த்து, மூன்றையும் ஊடுருவும்படி வரிவரியாகக் கைத்தையல். பார்வைக்கு இருக்கும் மேல்பக்கத்தில் திருநாளுக்குக் கட்டிய சேலைகளின் துண்டுகள்: சிவப்பு, மயில்கழுத்து, ஜரிகை உதிர்ந்த கரை. உடம்பில் படும் உள்பக்கத்தில், கொழுந்து பறிக்கக் கட்டிப்போய் நூறு முறை துவைத்து நைந்த வேலைச் சேலைகள். தொட்டால் குழந்தையின் காதுமடல்போல இருக்கும். இப்படிப்பட்ட போர்வையை யாரும் தண்ணீரில் போடுவதில்லை. வெயில் அடிக்கிற அபூர்வமான நாளில் கொடியில் போட்டுத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

இது தண்ணீரைப் பார்த்திருந்தது. பாதியாகச் சுருங்கி, சேலைகள் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, தையல் வரிகளை ஒட்டி ஏழெட்டு இடத்தில் கிழிந்திருந்தது.

“இதைய எதுலீங்க போட்டுத் தொவச்சீங்க?”

“நாந்தான் டீச்சர்” என்றாள் ரெஜினா. தலையை நிமிர்த்தவில்லை. “பிரெண்டோட ஹோம்ஸ்டேல பெரிய மிஷின் இருக்கு. போறதுக்கு முன்னால அப்பாவுக்குச் சுத்தமாக்கிக் குடுத்துட்டுப் போகலாம்னு…”

“சூடுதண்ணிங்களா?”

“ஆஸ்பத்திரியில பெட்ஷீட்டுக்கு வைக்கிற சூடு.”

“கிருமியைக் கொன்னுட்டா” என்றார் சூசையண்ணன். “கூடவே போர்வையையும். படிச்ச புள்ள, ஒண்ணையும் அரைகுறையா விடமாட்டா.”

அவள் அழத்தொடங்கினாள். அவர் உடனே, “ஏட்டி, சும்மா சொன்னேன்ட்டி” என்று தன் துண்டை எடுத்து நீட்டினார். அந்தத் துண்டும் அழுக்கு. அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

போர்வையைத் தைத்தது அவர் மனைவி புஷ்பம். புஷ்பம் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. அதிலிருந்து போர்வை பீரோவில்தான் கிடந்தது. இது மகளுக்கு என்று அப்பா போர்த்தவில்லை, இது அப்பாவுக்கு என்று மகள் தொடவில்லை. மேசையில் கிடந்தது பாசத்தால் பாழடைந்த பொருள். என் அனுபவத்தில் கரையானைவிட இது மோசம். கரையானுக்கு மருந்து உண்டு.

வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். மறுநாள் காலையில் ரெஜினா தனியாக வந்தாள்.

“டீச்சர், அப்பாகிட்ட எனக்காக ஒரு பொய் சொல்லணும். பிளேன்ல கொண்டுபோனா நைஞ்சுபோயிரும்னு சொல்லிருங்க.”

“ஏனுங்க?”

“எங்கிட்டக் குடுத்துவிடணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. நான் போயிட்டா அவரு ஒத்தையில கெடக்கணும். ராத்திரி கால் ஐஸ் மாதிரி ஆயிடும் அவருக்கு. அந்த வீட்டுல அம்மா தச்சதுன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நான் தூக்கிட்டுப் போகவா? நாசமாக்கினதே நான்.”

“பாக்கலாங்க” என்றேன். அரசாங்க வேலையில் நான் கற்றுத் தேர்ந்த சொல் அது. அதில் சம்மதமும் இருக்காது, மறுப்பும் இருக்காது. கேட்டவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் சூசையண்ணன். கதவுக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“டீச்சர், ரகசியம். கனத்தைக் குறைச்சு அவ பெட்டிக்குள்ள போறமாதிரி ஆக்கிருங்க. பிறவு, எனக்குக் கம்பளி சேராது, சொறியுதுன்னு அவகிட்ட நீங்களாச் சொல்லணும்.”

“சொறியுதுங்களா?”

“இத்தன வருசம் அதுக்குள்ளதான கெடந்தேன். என்னத்தச் சொறியும்? அங்க ஐஸு கொட்டுமாம் டீச்சர். தெரியாத ஊரு, தெரியாத பாஷ. மூடிப் படுக்கையில அவ அம்மா கை மேல கெடந்தா, புள்ள ஒறங்கும்லா.”

அவரிடமும் பார்க்கலாம் என்றேன்.

தையல் மேசையில் இருந்து செல்வி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பீர்மேட்டுக்காரி. அவள் கையில் ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குத்துவாள். “ஒரே பஸ்ஸுல பீர்மேட்டுக்கும் ஆனைகட்டிக்கும் டிக்கெட்டுக் கிழிச்சிட்டீக டீச்சர். வண்டி எங்கிட்டுப் போகும்?” என்றாள்.

நியாயமான கேள்வி. இரண்டு பேரில் ஒருவருக்கு நான் பொய் சொன்னால் மற்றவர் ஜெயிப்பார். ஜெயித்தவர் கையில் போர்வை இருக்காது. தோற்றவரிடம் இருக்கும், அவர் அதை மறுபடியும் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். நாம் எவ்வளவு அழகாகப் பழுது பார்த்தாலும் முடிவு பூச்சி உருண்டைகளுக்கு நடுவேதான். புஷ்பம் யார் போர்த்திக்கொள்ள அதைத் தைத்தாரோ, அவர்களில் ஒருவரும் போர்த்தப்போவதில்லை.

சேதத்தை அளக்க ஓர் ஓரத்தை மட்டும் பிரித்தேன். கம்பளி வெந்நீரில் இறுகி அட்டையாகியிருந்தது. அதை இனி விரிக்கவே முடியாது. அது சுருங்கும்போது சேலைகளை இழுத்துக் கிழித்திருக்கிறது. ஆனால் சேலைகள் சுருங்கவில்லை. நைந்திருந்தன, கிழிந்திருந்தன, இருந்தும் இரண்டு பக்கமும் முழுசாக இருந்தன. இனி என்ன செய்வதானாலும் கம்பளியை உருவியாகவேண்டும். கம்பளியை உருவ புஷ்பத்தின் தையலைப் பிரித்தாகவேண்டும். அதன் பிறகு மேசைமேல் இரண்டு துணிகள் கிடக்கும். விதிப்படி அவற்றுக்கு நடுவே புதுக் கம்பளி வைத்து மூடி, முன்னைவிடக் கனமான ஒரே போர்வையாகத் திருப்பித் தரவேண்டும். அல்லது இரண்டுக்கும் தனித்தனியாகப் புது உள்ளடுக்கும் புது அடித்துணியும் கொடுக்கலாம்.

இந்த யோசனை வந்ததும் நான் துள்ளிக் குதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கு வந்தது சந்தேகம். ஒன்றை இரண்டாக்குவது நம் தொழிலில் கெட்டிக்காரர்களுக்கு வரும் வியாதி. ஒரு நல்ல திரைச்சீலையை மூன்றாக வெட்டி மூன்று சட்டங்களில் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வெட்டியவர் விருந்தாளிகளிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வியாதிக்குத்தான் விதி எழுதினேன். எனக்கும் அதே வியாதியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. நான் எதையும் வெட்டவில்லை. பிரிந்தே ஆகவேண்டியதை மறுபடி சேர்க்காமல் விடலாமா என்றுதான் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இந்த இடத்தை நன்றாக மனதில் வையுங்கள். வேலைப்பாடு நம்முடையது, பொருள் அவர்களுடையது. இரண்டு பேரிடமும் ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நானே முடிவு செய்து, கடைசி நாளில் பொட்டலத்தைப் பிரித்து ஆச்சரியப்படுத்துவது நாடகத்துக்குச் சரி.

இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னேன். உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“ரெஜினா, அப்பாகிட்டப் பொய் சொல்லச் சொன்னீங்க. அண்ணா, நீங்க புள்ளைகிட்டப் பொய் சொல்லச் சொன்னீங்க. ரெண்டும் என்னால ஆகாதுங்க.”

சூசையண்ணனின் முகம் சிவந்துவிட்டது. “டீச்சர், உங்கள நம்பித்தான வாயத் தெறந்தேன்?”

“அப்பா, நீங்களும் வந்தியளா?” என்றாள் ரெஜினா. “எனக்குத் தெரியாம?”

“நீ எனக்குத் தெரிஞ்சா வந்த?”

“நான் உங்களுக்காக வந்தேன்.”

“நான் பிறவு யாருக்காக வந்தேன்? பக்கத்து லயத்து வீட்டுக்காரனுக்காகவா?”

செல்வி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். இப்படியே விட்டால் ஜெர்மனியே வேண்டாம் என்பதில் போய் முடியும் என்று தோன்றியது. நான் போர்வையின் பிரித்த ஓரத்தை அவர்கள் பக்கம் திருப்பி, கம்பளி செத்துவிட்டதையும், இரண்டு முகமும் பிழைத்திருப்பதையும் காட்டினேன். இரண்டு போர்வையாக்கலாம் என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். “அவ ஒண்ணாத் தச்சத நீங்க ரெண்டாக்குவியளா?”

இதுதான் சரியான எதிர்ப்பு. என் விதியும் இதையேதான் சொல்கிறது, இவ்வளவு நன்றாக இல்லாவிட்டாலும். அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை. கையில் இருந்த பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்து, பிரித்த இடத்தில் மேல்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன், பிறகு உள்பக்கத்தை. நூல் போனபின்னும் துணியில் ஊசித்துளைகள் அப்படியே இருந்தன. புஷ்பத்தின் ஊசி மேலே குத்தி உள்ளே இறங்கி வந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு துளைக்கும் மறு துணியில் ஒரு ஜோடி உண்டு.

“இதைய ஒண்ணாவே தச்சாலும் அவங்க நூலு போயிருங்க. அது கம்பளி சுருங்குனப்பவே பாதி அத்துப்போச்சு. ஆனா அவங்க ஊசி போன தொளையிலயே எங்க ஊசியும் போகும். ரெண்டுலயும் அதே வரி இருக்கும். அவங்க தச்ச வரிங்க.”

அவர் நெடுநேரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். நடுப்பகுதிக்கு வந்ததும் நிறுத்தினார். அதுவரை நேராக வந்த தையல் வரிகள் அங்கே வெளியே வளைந்து, ஒரு பாறையைச் சுற்றிப் போகும் ஓடையைப்போல, மறுபடி உள்ளே வந்தன.

“இது தெரியுமாட்டி உனக்கு?” என்றார் மகளிடம். “இவ வயித்துல இருக்கையில தச்சது டீச்சர். மடியில போர்வைய வைக்க இடமில்ல. வயிறு முட்டும். எட்டின மட்டும் தச்சா. கோணப்போச்சுன்னு அழுதா. நான் சொன்னேன், கோணல் உள்ள இருக்கு, வெளிய வரட்டும் பாப்போம்னு.”

“நான் கோணலா?” என்றாள் ரெஜினா.

“மிஷின்ல போட்டது யாரு?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “பிரிச்சுக்கிடுங்க. ஆனா இந்தக் கோணல மட்டும் நேராக்கிடாதீய. ரெண்டுலயும் இருக்கணும்.”

அலசியதையும், கிழிசலுக்கு அடித்துணி கொடுத்ததையும், உலர்த்தியதையும் குறிப்பில் படித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. ஒவ்வொரு துளையாகத் தேடி ஊசியை இறக்குவது கண்ணையும் பொறுமையையும் தின்னும் வேலை. அதற்கே நான்கு பேர் தங்கள் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்தோம். ரெஜினாவின் பயணநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் செல்வியின் கை, கோணல் வந்த இடத்தில், தன்னையறியாமல் நேராகப் போய்விட்டது. தேர்ந்த கைக்கு அதுதான் ஆபத்து. அதற்குத் தப்பாகத் தைக்கத் தெரியாது. பார்த்தால் மிக அழகாக இருந்தது. வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பிரி என்றேன்.

“டீச்சர், பழைய தொளை அடுத்தாப்புல இருக்கு, ஒரு நூலளவு. இம்புட்டு வரியையும் பிரிச்சா நாளைக்குள்ள முடியாது.”

“அந்தம்மா வயித்தச் சுத்தித் தச்சிருக்காங்க செல்வி. நாம வயித்துமேல தச்சுட்டுப் போறோம்.”

அவள் என்னைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், கத்தரியை எடுத்தாள். பிரித்து முடிக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், என்னைப் பற்றித்தான். மறுநாள் அவள் மறுபடி போட்ட அந்த வளைவைப்போல ஒரு தையலை நான் எந்த அருங்காட்சியகத்திலும் பார்த்ததில்லை. இதைப் படித்தால் அவள் நம்பமாட்டாள், ஆகவே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

ஒன்றுக்கு மெல்லிய பஞ்சு உள்ளடுக்கு, பெட்டிக்குள் மடிந்து போகும்படி. மற்றதற்குப் புதுக் கம்பளி. எது யாருக்கு என்று தெரியாமல் உள்ளடுக்கை எப்படி முடிவு செய்தோம் என்று கேட்பீர்கள். அதை முன்னதாகவே கேட்டுவிட்டேன். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ரெஜினா, நைந்து மெத்தென்று இருக்கும் உள்பக்கம் அப்பாவுக்கு என்றாள். அவர், பளபளப்பான மேல்பக்கம் அவளுக்கு, வெளிநாட்டில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இல்ல” என்றார் கடைசியில். “உள்பக்கம் உனக்கு. அம்மா காட்டுக்குக் கட்டிட்டுப் போன சேல. நீயும் வேலைக்குத்தான போற.”

“அப்ப உங்களுக்கு?”

“கோயிலுக்குக் கட்டின சேலையெல்லாம் எனக்கு. அதக் கட்டி எங்கூட நடந்து வந்தவ அவ. நீ எங்க பாத்த?”

ரெஜினா வாதாடவில்லை. இந்த முறை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போது ஆளுக்கொன்றாக மடியில் வைத்திருந்தார்கள். நன்றியெல்லாம் முறையாகச் சொன்னார்கள். அதை நான் சான்றிதழாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்வை பீரோவுக்குப் போகிறதா, கட்டிலுக்குப் போகிறதா என்பது நன்றியில் தெரியாது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் சூசையண்ணன் வந்தார். அதே உரச்சாக்கு. மேசைமேல் கொட்டினார். மேல் ஓரத்தில், தாடைக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இடத்தில், எங்கள் புதுக் கரை தேய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. நடுவில் ஒரு தேநீர்க் கறை. கால்பக்கம் எதிலோ மாட்டி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

“என்ன டீச்சர், இதுதான் உங்க வேலையா?” என்றார். “ஒரு வருசம் தாங்கல. அவளும் நேத்து போன்ல காட்டுனா, அவளுதும் இதே எடத்துல பிஞ்சிருக்கு. எந்த நூலு போட்டுத் தைக்கணும்னு கேக்கச் சொன்னா.”

“ரெண்டு பேரும் தெனமும் போத்திக்கிறீங்களாங்க?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தும் என்ன பிரயோஜனம் என்பது தெளிவாக இருந்தது.

“பிறவு? பெட்டியில பூட்டவா தச்சுக் குடுத்திய?”

செல்வி எழுந்து வந்து போர்வையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே ஓரத்துக்கு இரட்டைத் துணி வைத்துக் கொடுத்தோம்; கறையைத் தொடவில்லை.